தூக்குமேடையும் தொட்டிலும்

நீதிமன்றத்திலே ஒரு பெண் நிற்கிறாள். தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. என்ன செய்தாள்? கொலையா? கொள்ளையா? மன்னனைக் கவிழ்க்க மறைவிலே சதியா? இல்லை. இலண்டன் மாநகரின் சீப்சைடு கடைவீதியில், துணி வணிகர் ஒருவரின் கடையிலிருந்து மெல்லிய ஆலந்துத் துணி மூன்று துண்டுகளை எடுத்தாள். மூன்று துண்டுத் துணி! அதற்கு ஈடு ஒரு கழுத்து!

"நான் கருவுற்றிருக்கிறேன்" என்கிறாள் அவள். சட்டம் சற்றே தயங்குகிறது. பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு ஒத்திவைக்கிறது. கயிறு ஒருபுறம் காத்திருக்க, தொட்டில் மறுபுறம் தயாராகிறது. நியூகேட் சிறையின் இருட்டறையிலே ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. தாயின் உயிர் தப்புகிறது. ஆனால் அவள் கடல் கடந்து வர்ஜீனியாவுக்கு அனுப்பப்படுகிறாள். ஆறு மாதக் குழந்தை? அதற்கென்று எந்தப் பிரிவும் சட்டப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. தாயைத் தண்டித்த அரசு, பிள்ளையைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று கை கழுவிக்கொண்டது.

அந்தக் குழந்தைதான் மால் பிளாண்டர்ஸ். 1722-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலண்டனில் வெளிவந்த புதினத்தின் தலைவி. எழுதியவர் டேனியல் டீபோ. மூன்றாண்டுகளுக்கு முன் ராபின்சன் குரூசோவைத் தனித்தீவில் இறக்கிவிட்டு உலகப் புகழ் தேடிக்கொண்ட அதே எழுத்தாளர். எனினும் இந்த நூலின் முதற் பதிப்பில் அவர் பெயர் இல்லை. மால் தானே எழுதிய குறிப்புகளிலிருந்து தொகுத்தது என்றுதான் முதற்பக்கம் கூறிற்று. ஆங்கில மொழியில் புதினம் என்னும் கலை தவழத் தொடங்கிய காலம் அது. தவழும்போதே அது சிறைக் கதவைத் தட்டிற்று என்பதை நாம் மகிழ்வோடு குறித்துக்கொள்கிறோம்.

"சீச்சீ! விலைமகள் கதை, திருடி கதை. இதையா இளைஞர்கள் படிப்பது?" என்று முகம் சுளிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஒழுக்கத்தைக் குத்தகைக்கு எடுத்த இந்தக் காவலர்களை நாம் அறிவோம். பசியைப் பார்த்தால் இவர்கள் முகம் சுளிப்பதில்லை. பசித்தவள் கை நீளும்போதுதான் சுளிப்பார்கள். ஆகவே தோழர்களே, இந்த நூலைப் படியுங்கள் என்று நாம் தயங்காமல் கூறுகிறோம். ஆனால், ஆசிரியர் சொல்லுகிறபடி படிக்காதீர்கள்! பாவம் செய்தவள் மனம் திருந்தினாள், ஆண்டவன் அருளால் நல்வாழ்வு பெற்றாள் என்று முன்னுரையிலே அவர் நீட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கண்ணால் படியுங்கள்.

கழற்றி வைத்தால் என்ன தெரியும்? முதற்பக்கத்திலிருந்தே தொடங்குவோம். அக்கால வழக்கப்படி, கதை முழுவதும் அங்கே விளம்பரப் பலகைபோல் சொல்லப்பட்டிருக்கிறது. அதில், மால் கடைசியில் செல்வம் பெற்றாள் என்பது முதலில் வருகிறது. நேர்மையாக வாழ்ந்தாள் என்பது அதற்குப் பின்னே வருகிறது. மனம் திருந்தி மாண்டாள் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. செல்வம், பிறகு நேர்மை, பிறகு பக்தி! வரிசையைப் பாருங்கள்! அச்சுக் கோத்தவனின் கைப்பிழையா இது? இல்லை, நூல் முழுவதும் இதே வரிசைதான்.

டீபோவுக்குச் சிறை என்றால் என்ன என்பது கேள்வி ஞானம் அன்று. மெழுகுவத்தி வணிகரின் மகன் அவர். அரசாங்கத் திருச்சபையை ஏற்காத மாற்றுச் சபைக் குடும்பத்தில் பிறந்ததால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகப் பட்டங்களின் வாயில் அவருக்கு அடைபட்டே இருந்தது. அறிவுக்கும் மதச்சீட்டுக் கேட்ட நாடு அது! வணிகத்தில் இறங்கினார், 1692-இல் 17,000 பவுன் கடனில் மூழ்கினார். 1702-இல், மாற்றுச் சபையினரை ஒழித்துக்கட்டத் துடித்த மதவெறியர்களின் குரலிலேயே பேசி, அவர்களை நையாண்டி செய்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். நையாண்டி என்று புரிந்ததும் ஆட்சியாளர்களுக்குச் சினம் பொங்கிற்று. 1703 சூலைத் திங்களில், தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி நடுவீதியில் நிறுத்தும் தண்டனையை மூன்று நாள் அனுபவித்தார். நியூகேட்டிலே அடைபட்டார். மக்கள் அவர்மேல் கல்லெறியவில்லை, மலரெறிந்தனர் என்பது செவிவழிச் செய்தி. அந்தச் சிறையின் ஓசையையும் நாற்றத்தையும் உள்ளிருந்து அறிந்தவர், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, மாலை அதே சிறையில் பிறக்க வைத்தார்.

இனி அந்தக் குழந்தையிடம் வருவோம். நாடோடிக் கூட்டத்தோடு சிறிது காலம் அலைந்து, கோல்செஸ்டர் நகரிலே விடப்படுகிறாள். அந்நகர நிருவாகம் ஓர் ஏழை மூதாட்டியிடம் அவளை வளர்க்கக் கொடுக்கிறது. எட்டு வயது ஆனதும் நகரத்துப் பெரியவர்கள் ஆணையிடுகிறார்கள்: வீட்டு வேலைக்குப் போ! எட்டு வயதுக் குழந்தை. எச்சில் கலம் கழுவு, ஏச்சும் அடியும் வாங்கு என்கிறார்கள். சிறுமி அழுகிறாள். வேலை செய்ய மறுத்தா அழுகிறாள்? இல்லை தோழர்களே, இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். தையலும் நூற்பும் எனக்குத் தெரியும். உன்னோடேயே இருந்து உழைத்துப் பிழைக்கிறேன். அடிமை வேலைக்கு என்னை அனுப்பாதே என்று மூதாட்டியைக் கெஞ்சுகிறாள். எவ்வளவு சம்பாதிப்பாய் என்று கிழவி கேட்கிறாள். நூற்றால் மூன்று பென்சு, தைத்தால் நான்கு பென்சு என்று கணக்குச் சொல்கிறது குழந்தை. அது போதாதே என்றால், பாதி வயிற்றுக்கு உண்கிறேன் என்கிறது.

நான் வேலைக்காரியாக மாட்டேன், சீமாட்டியாக வேண்டும் என்கிறாள் சிறுமி. செய்தி ஊருக்குள் பரவுகிறது. நகரத் தலைவரின் மனைவி தன் மக்களோடு வந்து வேடிக்கை பார்க்கிறாள். சீமாட்டிகள் கூடிச் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள்? 'சீமாட்டி' என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியிலே ஒரு பொருள். அந்தக் குழந்தையின் அகராதியிலே வேறொரு பொருள். உழைக்காமல் உண்பவள் சீமாட்டி என்பது அவர்கள் பொருள். எவனிடமும் கையேந்தாமல், எவள் காலிலும் விழாமல், தன் விரல்களால் உழைத்துத் தன் சோற்றைத் தானே உண்பவள் சீமாட்டி என்பது அவள் பொருள். இரண்டு பொருள்களில் எது மேலானது? சிரித்த வாய்களைக் கேளாதீர்கள், உங்கள் பகுத்தறிவைக் கேளுங்கள்.

தான் ஆக விரும்பும் சீமாட்டிக்குச் சான்றாக அந்தச் சிறுமி ஒருத்தியைக் காட்டுகிறாள். சரிகைப் பின்னல்களைச் சீர்செய்து, வெளுத்துக் கொடுத்துப் பிழைக்கும் பெண் ஒருத்தி அவ்வூரில் இருக்கிறாள். ஊரார் அவளை மதிப்பாக அழைக்கிறார்கள். கிழவிக்கோ உண்மை தெரியும். அந்தப் பெண் மணமாகாமலே இரண்டு மூன்று பிள்ளை பெற்றவள். ஊசியால் மட்டும் வாழ முயன்ற பெண்ணுக்கு அந்தச் சமுதாயம் ஊசியால் மட்டும் வாழ வழிவிடவில்லை. குழந்தைக்கு அது புரியவில்லை. டீபோவுக்குப் புரிந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே அவரை நாம் மன்னித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது. பொறுங்கள், அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்றும் நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அண்டை நாட்டில் ஓரிடத்தில், தண்டிக்கப்பட்ட குற்றவாளிகளின் பிள்ளைகளை அரசே ஏற்று, அநாதை இல்லத்தில் வளர்த்து, தொழில் கற்பித்து வெளியே அனுப்பும் வழக்கம் உண்டென்று கேள்விப்பட்டேன். என் நாட்டிலும் அப்படி இருந்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்கிறாள் மால். குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டே நீதிபதியைக் கேள்வி கேட்கிறாள்! இலண்டன் மாநகரம் என்ன செய்தது? தெருவோரத்தில் வீசப்படும் குழந்தைகளுக்கென்று தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் ஆண்டுக்கணக்கில் அலைந்து, கெஞ்சி, கையெழுத்து வாங்கி, ஓர் இல்லத்துக்கு அரசாணை பெற்றது 1739-இல். இந்தப் புதினம் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு! தேவாலயங்கள் அதற்கு முன்பே அந்த நகரில் தெருவுக்குத் தெரு இருந்தன.

சீமாட்டிகள் சிரித்து முடித்துவிட்டு, அழகிய சிறுமியைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். வீட்டுப் பெண்களுக்கு நடனமும் பிரெஞ்சும் இசையும் கற்பித்தபோது பக்கத்திலிருந்தே அவளும் கற்றாள். அறிவிலும் அழகிலும் அந்தப் பெண்களை விஞ்சினாள். ஒன்றே ஒன்று குறைவு: பணம். கலியாணச் சந்தையிலே பெண்ணுக்கு அழகு, அறிவு, குணம், குலம் எல்லாம் இருந்து பணம் இல்லையென்றால் ஒன்றுமே இல்லாதவள்தான் என்று அந்த வீட்டு மகளே அவள் காதுபடப் பேசுகிறாள். மூத்த மகன் கேட்கிறான். கேட்டுவிட்டு என்ன செய்கிறான்? முத்தமிடுகிறான், கை நிறையப் பொற்காசு வைக்கிறான். பிறகு பட்டுப்பையிலே நூறு பொற்காசு. கூடவே வாக்குறுதி: சொத்து கைக்கு வந்ததும் உன்னை மணப்பேன். பதினெட்டு வயதுப் பெண் நம்புகிறாள். சில நாளில் அவனுடைய தம்பி, ஏதும் அறியாதவன், அவளை உண்மையாகவே விரும்பி மணக்க முன்வருகிறான். அண்ணன் என்ன சொல்கிறான்? அவனை மணந்துகொள் என்கிறான்! அழுகிறாள், நோயில் விழுகிறாள், மன்றாடுகிறாள். இறுதியில் ஐந்நூறு பவுன் கொடுத்துக் கணக்கை முடிக்கிறான் அந்தக் கனவான்.

அவனுக்கு என்ன தண்டனை? ஊர் தள்ளிவைத்ததா? பாதிரியார் கண்டித்தாரா? ஒன்றுமில்லை! துணித் துண்டுக்குக் கழுத்தைக் கேட்ட சட்டத்துக்கு, பெண்ணைத் திருடியவன் கண்ணிலேயே படவில்லை. மாலின் முதற் திருட்டைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் இலண்டன் கடைவீதியிலிருந்து தொடங்குகிறார்கள். நாம் கோல்செஸ்டர் வீட்டு மாடியிலிருந்து தொடங்குகிறோம். அங்கே நடந்ததுதான் இந்தக் கதையின் முதல் திருட்டு. திருடியவன் வேறு, திருட்டுக் கொடுத்தவள் மால்.

அக்கால ஆங்கிலச் சட்டம் திருமணமான பெண்ணை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. தாலி என்ற பெயர் அங்கே இல்லை, மோதிரம் என்று பெயர். ஆனால் வேலை ஒன்றுதான். மணந்த நொடியில் அவள் கையிலுள்ள காசு கணவன் காசு. அவள் உழைத்து ஈட்டுவதும் அவன் உடைமை. இந்த நிலையை உடைக்கத் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1870-இல் அரைகுறையாகவும், 1882-இல் ஓரளவு முழுமையாகவும் வந்தது. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்ய 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற்ற வேண்டும். கோடீசுவரனுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் கடைச்சரக்கு! இப்படிக் கட்டிவைத்த கூண்டுக்குள்ளே நின்றுகொண்டுதான் மால் ஐந்து முறை மணந்தாள் என்று நம்மவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

கணவர்களை விரைவாகக் கடந்துவிடுவோம். அவர்களில் நின்று பேசத் தக்கவர் குறைவு. முதல்வன் இறந்தான். பகட்டு வணிகனான இரண்டாமவன் கடனாளியாகி ஓடினான். மூன்றாமவன் வர்ஜீனியாத் தோட்டக்காரன்; அங்கே போய் மாமியாரின் பழங்கதையைக் கேட்கும்போதுதான், அவள் தன்னைப் பெற்றவள் என்றும், கணவன் தன் உடன்பிறப்பு என்றும் மால் அறிகிறாள். பயங்கரம்தான். ஆனால் அந்தப் பயங்கரத்தைச் செய்தது யார்? தாயை ஒரு கண்டத்துக்கும் சேயை ஒரு தெருவுக்கும் பிரித்தெறிந்த சட்டமல்லவா? நான்காமவன் ஜெம்மி: இவள் பணக்காரி என்று அவனும், அவன் பணக்காரன் என்று இவளும் ஏமாந்து மணந்துகொள்ளும் கட்டம் நூலிலேயே சிரிப்பு மிக்கது. சந்தைக்கு வந்த இருவரும் ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டனர், இரண்டும் வெறும்பை! அவன் வழிப்பறிக்காரன். ஐந்தாமவன் வங்கிக் கணக்கன், நல்லவன். ஒருவனுக்குக் கடன் கொடுத்து இழந்து, அந்தத் துயரத்திலேயே மாண்டான்.

அதன் பிறகு இரண்டு ஆண்டு. கையிலிருந்ததை ஒவ்வொன்றாக விற்று, உண்டு, உறங்காமல் அழுத இரண்டு ஆண்டு. வயது ஐம்பதை நெருங்குகிறது. மணச்சந்தையில் விலையில்லை. உழைத்துப் பிழைக்கக் கதவில்லை. ஒரு மாலை, லெடன்ஹால் தெருவில் மருந்துக்கடையொன்றின் முக்காலியிலே வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று கிடக்கிறது. எடுக்கிறாள். ஓடுகிறாள். தெருத்தெருவாக, திசை தெரியாமல், கால் தரையில் பாவாமல் ஓடுகிறாள். வீட்டில் வந்து அவிழ்த்துப் பார்த்தால் பேறுகாலத் துணிகள், வெள்ளிக் கிண்ணம், கரண்டிகள், கொஞ்சம் காசு. சிறையில் பிறந்தவளின் கையில் முதன்முதல் விழுந்த களவுப்பொருள், பிறக்கப்போகும் ஏதோ ஒரு குழந்தைக்காக வைத்திருந்த துணி! இதைத் தன்னைப்போன்ற ஏழை விதவை எவளேனும் விற்கப் போயிருந்தால் என்ன செய்வது என்று அவள் நெஞ்சு வேகிறது. வேகும், ஆறும். அடுத்த நாள் பசிக்கும்.

மாலைக் குற்றமற்றவள் என்று நாம் கோயில் கட்டப் போவதில்லை. கோயில் கட்டுவது நம் தொழிலும் அன்று. நடனப் பள்ளியிலிருந்து தனியே வரும் சிறுமியின் கழுத்து மணிமாலையை அவள் அவிழ்க்கிறாள்; அழுதுவிடாதபடி கொன்றுவிடலாமா என்ற எண்ணம்கூட ஒரு கணம் வந்து போகிறது. தீப்பற்றி எரியும் வீட்டுக்கு உதவ வந்தவள்போல் நுழைந்து நகைமூட்டையோடு நழுவுகிறாள். பெற்ற பிள்ளையை ஆண்டுக்கு ஐந்து பவுன் கூலிக்கு நாட்டுப்புறத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துபோகிறாள். தன்னை வீசியெறிந்த உலகத்தின் கைப்பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது. இதை மறைத்துப் பேசினால் நாமும் புராணிகர்களாகிவிடுவோம்.

ஆனால் தராசை எடுப்பவர்கள் இரு தட்டையும் பார்க்கட்டும். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைக் கள்ளத்தனமாக எடுத்தால் தூக்கு என்றது 1699-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் மதிப்புக்குக் களவாடினால் தூக்கு என்றது 1713-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் புதினம் வந்த மறு ஆண்டே, 1723-இல், காட்டில் மானைக் கொல்வது முதல் தோட்டத்து மரத்தை வெட்டுவது வரை, நிலப்பிரபுக்களின் உடைமையைத் தொடும் பல்வேறு செயல்களுக்கும் தூக்குக் கயிறு நீட்டியது இன்னொரு சட்டம். மரம் வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு மனிதனை வளர்க்கத் தெரியவில்லை.

இந்தச் சட்டத்துக்குள்ளே மதம் நுழைந்த விந்தையையும் சொல்லிவிடுகிறோம். பாதிரிமார்களை நாட்டு நீதிமன்றம் தூக்கிலிடக் கூடாதென்று பழங்காலத்தில் ஏற்பட்ட சலுகை, நாளடைவில் எழுத்தறிந்த ஆண் எவனுக்கும் உரியதாயிற்று. வேதப் புத்தகத்தின் 51-ஆம் சங்கீதத்தில் ஒரு வரியை வாசித்துக் காட்டினால், பல குற்றங்களுக்கு முதல் முறை கழுத்து தப்பும். கட்டைவிரலில் சூடு மட்டுமே. கழுத்துப் பாட்டு என்றே அதற்கு மக்கள் பெயரிட்டனர்! படித்தவன் திருடினால் சூடு. படிக்காதவன் திருடினால் சுருக்கு. பெண்ணுக்கு? ஆணுக்கு இணையாக அந்தச் சலுகை கிடைத்தது 1691-இல்தான். வாசிப்புத் தேர்வு நீங்கியது 1706-இல். நீங்கியதும் சலுகை எல்லார்க்கும் ஆனதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கடைத்திருட்டுப் போன்ற ஏழைகளின் குற்றங்களை அந்தச் சலுகைக்கு வெளியே தள்ளும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஏழைத் திருடி தூக்கில் தொங்கும்போது, திருட்டையே தொழிற்சாலையாக நடத்தியவர் எப்படி வாழ்ந்தார்? டீபோ எழுதிக்கொண்டிருந்த அதே இலண்டனில் ஜோனதன் வைல்டு என்பவன் கொடிகட்டிப் பறந்தான். திருடர்களை ஏவுவான், களவுபோன பொருளைக் 'கண்டுபிடித்து' உரியவரிடம் பணம் வாங்குவான், அடங்காத திருடனைக் காட்டிக்கொடுத்துப் பரிசும் பெறுவான். காவலனும் அவனே, கள்வர் தலைவனும் அவனே! 1725 மே மாதம் டைபர்னில் தூக்கிலிடப்படும் வரை ஊரெல்லாம் அவனுக்கு மதிப்பு. மாலின் கதையிலும் அப்படி ஒரு பெண் உண்டு. மறைவில் பிள்ளை பெறுவோருக்கு மருத்துவச்சி, பிறகு அடகுக்கடைக்காரி, திருட்டுப் பொருள் வாங்கி விற்பவள். பிள்ளைப்பேற்றுக்கு அவள் மூன்று விலைப்பட்டியல் நீட்டுகிறாள்; சிக்கனம், நடுத்தரம், உயர்தரம். மூன்றிலும் ஞானஸ்நானம் செய்யும் பாதிரியாரின் கட்டணமும் அச்சுப்பிசகாமல் சேர்ந்திருக்கிறது! குழந்தை கள்ளத்தில் பிறக்கலாம். காணிக்கை கள்ளத்தில் போகக் கூடாது அல்லவா?

இறுதியில் பிடிபடுகிறாள். தாய் நின்ற இடத்தில் மகள் நிற்கிறாள். அதே நியூகேட், அதே தீர்ப்பு. சிறைப் பாதிரியார் வருகிறார். குற்றத்தை ஒப்புக்கொள், எல்லாவற்றையும் சொல் என்று காலையில் உபதேசிக்கிறார். நண்பகலுக்குள் சாராயத்தில் மிதக்கிறார். மால் இதை நேரே கண்டு அருவருக்கிறாள். நியூகேட் பாதிரிமார் தூக்குக்குப் போவோரின் வாக்குமூலங்களை அச்சிட்டு விற்றுக் காசு பார்த்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், 'எல்லாவற்றையும் சொல்' என்பதன் ஆர்வம் புரியும். பின்னர் வரும் வேறொரு பாதிரியார் நல்லவர். தண்டனையைக் குறைக்கப் பாடுபடுகிறார். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவர் இருப்பதால் நியூகேட் நல்லதாகிவிடாது.

தூக்கு நீங்கி, நாடுகடத்தல் கிடைக்கிறது. கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலம் முந்தைய நூற்றாண்டு. ஆனால் 1722-இல் படித்தவர்களுக்கு அது தம் கண்முன் நடந்த செய்தி. 1718-ஆம் ஆண்டுச் சட்டம் நாடுகடத்தலை முறையான தண்டனையாக்கிற்று. ஏழாண்டு, பதினான்காண்டு என்று தவணை வைத்தது. கைதிகளை ஏற்றிச் செல்லத் தலைக்கு இவ்வளவு என்று வணிகருக்கு அரசு கூலி கொடுத்தது. அக்கரையில் வணிகர் அவர்களை விற்று இன்னொரு காசு பார்த்தனர். 1775 வரை ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் இப்படி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாலோ கப்பல் அடித்தளத்தில் சங்கிலியோடு அழுகவில்லை. களவில் சேர்த்த பணம் இருக்கிறது! தலைவனுக்குக் கொடுத்து நல்ல அறை பெறுகிறாள். தலைவன் மேசையிலே உண்கிறாள். பழைய கணவன் ஜெம்மியும் உடன் வருகிறான். கரையிறங்கியதும் பணம் கொடுத்து விடுதலையும் பெறுகிறாள். பணமில்லாத மால்கள் எத்தனை பேர் அதே கப்பலில் கீழே கிடந்தனர்!

இனி திருந்திய வாழ்வு. டீபோ பெருமையோடு காட்டும் வாழ்வு. நிலம் வாங்குகிறாள், புகையிலை பயிரிடுகிறாள், தாய் விட்டுச்சென்ற சொத்தும் சேருகிறது. பல்லாண்டுக்குப் பின் சந்தித்த மகனுக்குப் பொற்கடிகாரம் ஒன்றைப் பாசத்தோடு பரிசளிக்கிறாள். அது இலண்டனிலே தொழுகைக் கூடத்தில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து அவளே திருடியது! மகனிடம் அதை மட்டும் சொல்லவில்லை. மனந்திரும்புதல் முடிந்தது, கடிகாரம் திரும்பவில்லை.

கடிகாரத்தை விட்டுவிடுவோம், அது சிறு பொருள். குடியேறியதும் முதல் வேலையாக அவர்கள் வாங்கியது என்ன? ஏரா? எருதா? லிவர்ப்பூலிலிருந்து வந்த கப்பலில் இறங்கிய ஓர் ஆங்கிலப் பணிப்பெண். அவளோடு கறுப்பின மனிதன் ஒருவன். அந்த நாட்டில் குடியேறுவோர்க்கு இன்றியமையாத பொருள்கள் என்ற கணக்கில், மண்வெட்டியோடு மண்வெட்டியாக, இருவரும் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறார்கள். எட்டு வயதில் வேலைக்காரியாக மாட்டேன் என்று அழுதவள், இன்று வேலைக்காரியை விலைக்கு வாங்குகிறாள். மனிதனையே விலைக்கு வாங்குகிறாள். அவள் மனச்சான்று உறுத்தவில்லை. பாதிரியார் கேட்கவில்லை. நூலாசிரியர் நிற்கவில்லை. ஏனெனில் இப்போதுதான் அவள் 'நேர்மையாக' வாழ்கிறாளாம்!

ஆங்கில நாட்டுச் சட்டத்தை மேலே பார்த்தோம்; ஐந்து ஷில்லிங் சரக்குக்குத் தூக்கு. இதோ வர்ஜீனியாச் சட்டம்: 1705-இல் அந்த மன்றம் அடிமைகளை நிலம்போல் அசையாச் சொத்து என்று எழுதி வைத்தது. தண்டிக்கும்போது எதிர்த்த அடிமை எசமானன் அடியில் செத்தால், அது குற்றமே ஆகாது என்றும் எழுதி வைத்தது. ஒரு முழம் பட்டை எடுத்தவளுக்குக் கயிறு. ஒரு மனிதனை அடித்துக் கொன்றவனுக்கு இரவுச் சாப்பாடு, பிறகு ஞாயிற்றுக்கிழமை தொழுகை! மால் திருடியாக இருந்தபோது எடுத்தது எல்லாவற்றையும் ஒரு தட்டில் வையுங்கள்: வெள்ளிக் கிண்ணங்கள், சரிகைகள், கடிகாரங்கள், பட்டுகள். நேர்மையானவளாக மாறிய பின் எடுத்ததை மறுதட்டில் வையுங்கள்: ஒரு மனிதனின் ஆயுள்.

டீபோ இதை அறியாமல் எழுதினாரா, அறிந்து நம்மைக் குத்துகிறாரா என்று புலவர்கள் நெடுங்காலமாக வழக்காடுகிறார்கள். இயன் வாட் என்ற ஆய்வாளர் 1957-இல் எழுதிய நூலில், நாம் காணும் முரண்நகைகள் ஆசிரியர் திட்டமிட்டு வைத்தவை அல்ல என்று வாதிட்டார். நமக்கு அந்த வழக்கில் பேரார்வம் இல்லை. மனிதரின் வாழ்க்கையே விடை சொல்கிறது. 1697-இல் பெண்களுக்குக் கல்விக் கழகம் வேண்டுமென்று எழுதி, அறிவை மறுத்துவிட்டு அறிவில்லை என்று பெண்ணைப் பழிக்கும் ஆண்களை இடித்துரைத்தவர் டீபோ. 1702-இல் செய்யுளொன்றில் அடிமை வணிகரைச் சாடியவரும் அவரே. சில ஆண்டுகள் கழித்து, தம் 'ரிவ்யூ' ஏட்டிலே ஆப்பிரிக்க வணிகக் கழகத்தின் நலனுக்காக வாதாடியவரும் அவரே. அந்தக் கழகத்தின் சரக்கு மனிதர்கள். அவருடைய குரூசோ தனித்தீவில் ஒதுங்கியதே அடிமை பிடிக்கப் புறப்பட்ட பயணத்தில்தான் என்பதைப் பள்ளிப் பதிப்புகள் நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வதில்லை. தன் மதத்துக்கு இழைத்த கொடுமையைக் கண்டார். பெண்ணுக்கு இழைத்ததைப் பாதி கண்டார். கறுப்பு மனிதனுக்கு இழைத்ததை ஒருமுறை கண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். 1731-இல், கடன்காரர்களுக்கு அஞ்சி மறைந்திருந்த நிலையில் இலண்டனில் அவர் மாண்டார்.

மால் பிளாண்டர்ஸ் என்பது அவள் உண்மைப் பெயர் அன்று; கள்வர் கூட்டம் வைத்த பெயர். உண்மைப் பெயர் நியூகேட் பதிவேடுகளில் இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்று முதற் பக்கத்திலேயே மறைத்துவிடுகிறாள். மறைப்பதற்காவது அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வர்ஜீனியாத் துறையில் அவள் விலை பேசி வாங்கிய மனிதனுக்கு நூலில் பெயரே இல்லை. எந்தக் கரையிலிருந்து அவனைக் கொண்டுவந்தனர், எட்டு வயதில் அவன் என்னவாக வேண்டும் என்று யாரிடம் சொன்னான், கேட்டவர்கள் சிரித்தார்களா என்றெல்லாம் டீபோ எழுதவில்லை.